பின்சக்கரத்தில் ஒரு விசாரணை

பவுனம்மாவின் சைக்கிளுக்கு எல்லாச் சைக்கிள்களையும் போல இரண்டு சக்கரங்கள் இருந்தன. முன்சக்கரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு உருண்டது. கதையெல்லாம் பின்சக்கரத்தில்தான் நடந்தது.

பின்சக்கரத்து டயருக்குள் ஒரு டியூப் குடியிருந்தது. சாதுவானது. காற்றுக்கு உருவம் கிடையாது என்று நூல்கள் சொல்வதில் மட்டும் அதற்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அந்த நூல்களை எழுதியவர்கள் டியூபைப் பார்த்ததில்லை என்பது அதன் கட்சி. காலையில் இருதயராஜின் சைக்கிள் கடையில் காற்றடித்ததும் காற்றுக்கு ஓர் உருவம் வந்துவிடும். அது தன்னுடைய உருவம்தான் என்பதில் டியூபுக்குப் பெருமை.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைகூட நிற்காத ஒரு காலம் வந்தது.

பவுனம்மா இட்லி மாவு விற்பவள். பகலெல்லாம் அரைப்பாள். வெயில் தாழ்ந்ததும் கேரியரின் இரண்டு பக்கமும் எவர்சில்வர் தூக்குகளை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். கொஞ்ச நாளாக, அவள் தூக்கை மாட்டுகிற நேரத்துக்குச் சரியாகப் பின்சக்கரம் தரையோடு தரையாகச் சப்பிப்போய்க் கிடந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் மாவு ஊற்றி முடிப்பதற்குள் கடைசித் தெருக்காரர்களுக்குப் புளித்த மாவுதான் கிடைத்தது.

"காலையிலதான அடிச்சேன்? எங்கதான் போவுது இந்தக் காத்து?" என்று அவள் சக்கரத்தைப் பார்த்துக் கேட்பாள்.

டியூபுக்கும் அதுதான் விளங்கவில்லை. முள் குத்தினால் சுரீரென்று தெரியும். அப்படி எதுவும் தெரியவில்லை. காலையில் தான் முழுசாக இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் தொளதொளவென்று கிடப்பதும் கண்கூடு. நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தால், ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காமல் ஒருவன் இப்படி இளைத்துப்போக முடியுமா?

"காற்று காணாமல் போகிறது," என்று ஒருநாள் காலை, கடைச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தபோது, வால்வு பேச்சை எடுத்தது. "இது என் எல்லைக்குள் நடக்கும் விஷயம். ஆகவே நானே விசாரிக்கிறேன்."

அந்த 'ஆகவே' எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வால்வு பித்தளையில் செய்தது. டியூபின் வாயில், உள்ளே வரும் ஒரே வாசலில், நிமிர்ந்து நிற்பது. அதன் உச்சி பளபளக்கும். முன்பிருந்த டியூபுகளுக்கும் வாசலில் நின்றது இதே வால்வுதான். "அவன் ஓட்டையாகிப் போனான், அவனுக்கு முந்தியவனும் அப்படித்தான்," என்று அது அனுபவசாலியின் பெருமூச்சோடு சொல்வதுண்டு.

முதலில் பம்பைக் கூப்பிட்டார்கள். பம்பு பக்கத்திலேயே நின்றிருந்ததால் வரவேண்டிய சிரமம் இல்லை.

"நான் குடுத்ததுல குறை இருந்தா என் கைப்பிடிய ஒடிச்சுப் போடுங்க," என்றது பம்பு. "அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குற வரைக்கும் குடுத்தேன். எனக்கே வாங்கிச்சு."

அடுத்தது டயர். "என்னைக் குத்தாம எவனும் இவனைக் குத்த முடியாது. என் மேல முள்ளு கெடையாது, ஆணி கெடையாது. சாணி இருக்கு. சாணி எந்தக் காலத்துலயும் பஞ்சர் பண்ணினது இல்லை."

"நல்லது," என்றது வால்வு. "அப்படியானால் வெளியிலிருந்து யாரும் செய்யவில்லை. உள்ளே இருந்து செய்யக்கூடியவன் ஒருவன்தான்."

"அப்போ நீங்க?" என்று டயர் கேட்டுவிட்டது. நாள் முழுக்கத் தெருவில் கிடப்பதால் டயருக்கு நாசூக்குப் போதாது.

"நான் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நான் வாசலில் இருக்கிறேன்."

எல்லோருக்கும் இது ரொம்பச் சரியாகப் பட்டது. டியூபுக்கும் பட்டது.

"ஐயா, நான் வேணும்னு விடலை," என்றது டியூப்.

"வேண்டுமென்று விட்டாய் என்று யார் சொன்னார்கள்? விட்டாய் என்பதை நீயாகவே ஒப்புக்கொண்டது நல்ல குணம்."

"நான் ஒப்புக்கலையேங்க."

"அவசரமில்லை. உடம்பில் எங்காவது குறை இருக்கிறதா, நிதானமாக யோசித்துச் சொல்."

குறை இருக்கிறதா என்று நிதானமாக யோசிக்கச் சொன்னால் யாருக்குத்தான் ஒன்று அகப்படாது? டியூப் தன்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் யோசித்தது. வயிற்றுப் பக்கத்தில் பிறவியிலிருந்தே ஒரு தழும்பு உண்டு. அச்சிலிருந்து எடுத்தபோது வந்த மெல்லிய மடிப்பு. இதுவரை அதைப் பற்றி அது யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரு தழும்பு இருக்குங்க. ஒருவேளை அது..."

"ஒருவேளை வேண்டாம். தழும்பு என்பதோடு நிறுத்திக்கொள்."

மனிதர்கள் காதில் இந்த விசாரணை விழவில்லை. இருந்தாலும் அவர்களும் தாமாகவே அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்கு இருதயராஜ் டயரை நெம்பி டியூபை வெளியே உருவினான். காற்றடித்து, வாய்ப் பக்கத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோகாமல் இருக்க வால்வை அடையாளமாக வைத்துக்கொள்வது அவன் வழக்கம். வால்வில் ஆரம்பித்துச் சுற்றி வந்து வால்விலேயே முடிப்பான். ஆகையால் உடம்பு முழுவதும் தண்ணீரில் சோதனைக்கு உள்ளானபோது, வால்வு மட்டும் அவன் கைக்குள் சொட்டுத் தண்ணீர் படாமல் உலர்ந்து இருந்தது.

குமிழி எங்கும் வரவில்லை. தழும்புக்கு வந்தபோதுதான் அதன் மடிப்பில் கடுகு மாதிரி ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. அது டியூபின் காற்றே இல்லை. தண்ணீருக்குள் இறங்கும்போது மடிப்பில் தொற்றிக்கொண்டு வந்த ஊர்க்காற்று. ஆனால் தேடுகிறவனுக்குக் கிடைத்ததெல்லாம் தேடியதுதான்.

"அக்கா, கெடைச்சிருச்சு."

"இத்துணூண்டா?" பவுனம்மா குனிந்து பார்த்தாள். "இதுலயா அவ்வளவு காத்தும் போவுது?"

"சின்னதுதான்க்கா ஆபத்து. பெரிசுன்னா சத்தம் போட்டு அதுவே காட்டிக் குடுத்துரும்."

தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டுப் போட்டான். டியூபுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி. ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டதல்லவா?

டயருக்குள் திரும்பி வந்ததும் ஒட்டு மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தது.

"வணக்கம்ணே. புதுசா வேலைக்கு வந்திருக்கேன். ஓட்டை எங்கண்ணே இருக்கு?"

"உனக்குக் கீழேதான் தம்பி."

ஒட்டு கீழே துழாவிப் பார்த்தது. "இங்க ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாரு. நான் ஒப்புக்கிட்டிருக்கேன்."

"நீங்க ஒப்புக்கிட்டது சரிண்ணே. ஓட்டை ஒத்துக்க மாட்டேங்குதே."

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்றது டியூப். யாருக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று அதற்கே தெரியவில்லை.

சாயங்காலம் சக்கரம் வழக்கம்போலச் சப்பிப்போய்க் கிடந்தது.

"பார்த்தீர்களா?" என்றது வால்வு. "ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மறைத்திருக்கிறான்."

தான் எதையும் மறைத்ததாக டியூபுக்கு ஞாபகமில்லை. ஆனால் மறைப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள் என்று அதற்குத் தோன்றியது. அதற்குமேல் தன்னையே எப்படி நம்புவது?

இருதயராஜ் டயரை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ரப்பர் செத்துப்போச்சுக்கா. இன்ன இடம்னு இல்லை, ஒடம்பு பூரா கசியுது."

"ஒடம்பு பூராவுமா? காலையில தண்ணியில முக்கினப்போ வேற எங்கயும் வரலையே?"

"தண்ணிக்குத் தெரியாதுக்கா அது. புதுசு போட்டுரலாம். இதை நறுக்கி வாரா ஆக்கித் தர்றேன். தூக்கு ஆடாம கேரியர்ல இழுத்துக் கட்டிக்கலாம்."

பவுனம்மா சக்கரத்தைத் தானும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம்ப்பா. அப்பவும் நிக்கலைன்னா நறுக்கிடு."

டியூப் அன்றுவரை வட்டமாகவே வாழ்ந்தது. நறுக்கினால் அதற்கு ஒரு முனையும் இன்னொரு முனையும் வந்துவிடும். அதற்கு அப்புறம் எத்தனை காற்று வந்தாலும் உட்கார இடம் இருக்காது.

மறுநாள் காலை பம்பு வழியாகப் புதுக் காற்று உள்ளே வந்ததும், டியூப் முதல்முறையாக ஒரு காரியம் செய்தது. காற்றிடமே கேட்டது.

"நேத்து இங்க இருந்த காத்து எந்த வழியாப் போச்சு?"

"நேத்து நான் இங்க இல்லை," என்றது காற்று. "பக்கத்து வேப்பமரத்துல இருந்தேன். இறங்கி வந்து சும்மா வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன். பம்பு உறிஞ்சிருச்சு. ஆமா, இது எந்த இடம்?"

இதுதான் சங்கடம். போன காற்று நின்று சாட்சி சொல்வதில்லை. நிற்கும் காற்றுக்குப் போனவர்களைப் பற்றித் தெரிவதில்லை. எனவே டியூப் கண் கொட்டாமல் கவனித்தது. வெயில் ஏற ஏறக் காற்றின் ஒரு கூட்டம் மெல்ல நகர்வது தெரிந்தது.

"எங்க போறீங்க?"

"வெளியே."

"எந்த வழியா?"

காற்று விழித்தது. "இதென்ன கேள்வி? வந்த வழியாத்தான். வேற வழி ஏதாச்சும் இருக்கா?"

டியூபுக்குத் தலை சுற்றியது. பிறந்ததிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றுக்குத் தலை சுற்றுவது சாதாரண விஷயம் அல்ல. தன் உடம்பில் ஒவ்வொரு இடமாகச் சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தது. வாசலை மட்டும் நினைக்கவே இல்லை. அங்கேதானே விசாரணை உட்கார்ந்திருந்தது?

"ஐயா, ஒரு சந்தேகம்," என்று அது தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தது.

"காற்று சொல்வதை யாராவது சாட்சியாக எடுப்பார்களா?" என்றது வால்வு. "காலையில் வேப்பமரம், மத்தியானம் டியூப், சாயங்காலம் யார் மூக்கிலோ. நிலையான விலாசம் இல்லாதவன் பேச்சு."

அப்போது எங்கிருந்தோ மெலிந்த குரல் ஒன்று கேட்டது. "ஐயா, அது சொல்றது மெய்தாங்க. நான் கிழிஞ்சு நாளாச்சு."

"யார் பேசுவது?"

"உங்க இடுப்புலதாங்க இருக்கேன்."

அது வால்வின் இடுப்பைச் சுற்றியிருந்த மெல்லிய ரப்பர் உறை. வால்வின் பக்கவாட்டில் காற்று புகுந்து வர ஒரு சிறு துளை உண்டு. அந்தத் துளையை மூடிக்கொண்டிருப்பதே இந்த உறையின் வேலை. வால்வு குனிந்து பார்க்க முயன்றது. பித்தளைக்குக் குனிய வராது.

"இத்தனை நாளாக நீ ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேங்க. எல்லோரும் உங்க பேச்சையே கேட்டுட்டு இருந்தாங்க."

"நீ கிழிந்தால் என்ன? காற்றைத் தடுத்து நிறுத்துவது நான் அல்லவா?"

உறை சங்கடப்பட்டது. "அது வந்துங்க... உள்ள வந்த காத்தே என்னை அமுக்கித் துளையை அடைச்சுக்கும். காத்துதான் காத்தை நிறுத்துச்சு. நான் நடுவுல இருந்தேன். இப்ப அமுக்கினா கிழிசல் வழியா ஓடிருது."

"அப்போது நான்?"

"நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க."

வால்வு வெகுநேரம் பேசவில்லை. அது பொய் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொல்ல முடியாது. வாசலில் நிற்பதும் வாசலைக் காப்பதும் ஒன்றென்றே அது மனமார நம்பியிருந்தது. இப்போது டியூபைவிட அதுதான் அதிகம் குழம்பிப்போயிற்று. ஆனால் பதவியில் இருப்பவர்கள் குழம்பினால் அது மௌனம் என்று அழைக்கப்படும். மற்றவர்களும் மரியாதையாகக் காத்திருப்பார்கள்.

"இதைத் தீர்ப்புக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்," என்றது கடைசியில்.

"தீர்ப்புக்கு அப்புறம் நான் வாராயிருவேனேங்க!" என்றது டியூப்.

"அதனால்தான் அப்புறம்."

சாயங்காலம் சக்கரம் பாதிக்கு மேல் சப்பிவிட்டது. பவுனம்மா தூக்குகளை மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு நடந்தாள். வழியில் ஒரு கல்லில் சக்கரம் ஏறி இறங்கியதில் தூக்கு ஒருபக்கம் சாய்ந்து, மாவு தளும்பிக் கம்பிகளிலும் ரிம்மிலும் வழிந்தது.

கடையில் இருதயராஜ் கத்தரிக்கோலை எடுத்து முக்காலியின் மேல் வைத்திருந்தான். புது டியூப் உறை பிரிக்காமல் ஆணியில் தொங்கியது.

"கடைசியா ஒருக்க அடிச்சுப் பாருப்பா," என்றாள் பவுனம்மா.

"உங்க திருப்திக்கு அடிக்கிறேன்க்கா." அடித்தான். "நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எறங்குதா இல்லையான்னு நீங்களே பாத்துக்கோங்க."

டியூப் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் நிற்கவில்லை.

பவுனம்மா சும்மா நிற்கத் தெரியாதவள். முந்தானையால் கம்பிகளில் வழிந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த கை வால்வின் உச்சியில் பட்டு அங்கே கொஞ்சம் மாவு அப்பிக்கொண்டது. அந்த மாவில் குமிழியாக ஒரு முட்டை எழும்பி, பெரிதாகி, 'பொட்' என்று உடைந்தது. இன்னொன்று எழும்பியது.

அவள் துடைப்பதை விட்டுவிட்டுக் குனிந்தாள்.

"ஐயையோ, இப்பத்தான அரைச்சேன்? அதுக்குள்ள எப்படிப் பொங்குது?"

அவளுக்குச் சந்தேகம் எல்லாம் உளுந்தின் மேல்தான். தூக்கைத் திறந்து மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பே இல்லை. தூக்கில் இருந்த மாவு அசையாமல் கிடந்தது. ரிம்மில் வழிந்த மாவும் அப்படியே கிடந்தது. வால்வின் தலையில் இருந்த மாவு மட்டும் முட்டை மேல் முட்டையாக விட்டுக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு விரல் மாவை அப்பினாள். உடனே மறுபடியும் முட்டை.

அவள் நிமிர்ந்தாள். "ஏய் இருதயம்! டீயை வச்சுட்டு ஓடியா!"

இருதயராஜ் கிளாஸோடு ஓடிவந்தான். பார்த்தான். இன்னொரு முட்டை அவனுக்காகவே எழும்பி உடைந்தது.

"வால்வுல மாட்டுற வால்டியூப்பு கிழிஞ்சிருக்கு," என்றான், யாரிடமோ சொல்வதைப் போல.

"நேத்து முக்கினப்போ இந்த எடத்தைத்தானே நீ புடிச்சிட்டு இருந்தே?"

"எங்கயாச்சும் புடிக்காம எப்படிக்கா முக்குறது?"

இருதயராஜ் கத்தரிக்கோலை எடுத்தான். டியூப் தன் முடிவு வந்துவிட்டதென்றே நினைத்தது. அவன் சுவரில் தொங்கிய மெல்லிய ரப்பர்க் குழாயில் அரை விரல் அளவுக்கு நறுக்கினான். வால்வைக் கழற்றி, கிழிந்த உறையை நகத்தால் சுண்டித் தெருவில் எறிந்தான். விழும்போது அது ஏதோ சொன்னது. இந்த முறையும் யாருக்கும் கேட்கவில்லை. புது உறையை எச்சில் தொட்டு வால்வுக்கு மாட்டி, காற்றை அடித்து, வாசலில் ஒரு சொட்டு மாவை வைத்துப் பார்த்தார்கள். மாவு மாவாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தூக்கை மாட்டும்போது பின்சக்கரம் கல்லுப்போல நின்றது. பவுனம்மா சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறி மிதித்தாள்.

"விசாரணை முடிந்தது," என்று வால்வு அறிவித்தது. "காற்று நிற்கிறது. விசாரித்ததனால் நிற்கிறது."

"ஐயா, அப்போ ஓட்டை என்கிட்ட இல்லைதானே?" என்றது டியூப்.

"ஓட்டையா? ஓட்டை எங்குமே இல்லை. வாசலில் ஒரு சின்ன உடை மாற்றம் நடந்தது, அவ்வளவுதான்."

"அதை எல்லோருக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா..."

"சொன்னதையே சொல்வது எனக்கு வழக்கமில்லை."

அந்தச் சமயம் பார்த்துச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. "பாத்துடா, ஒட்டுப் போட்ட ஒடம்பு!" என்றது டயர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னது. அதனால்தான் டியூபுக்குத் தாங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அது ஒட்டைக் கூப்பிட்டது. "தம்பி, உனக்குக் கீழே ஒண்ணும் இல்லைன்னு வந்த அன்னைக்கே சொன்னது நீதானே?"

"ஆமாண்ணே. இப்பவும் அதேதான் சொல்றேன். சும்மா உக்காந்திருக்க எனக்கே கூச்சமா இருக்கு."

"அப்போ நீ கெளம்பிரேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நான் ஓட்டை இல்லாதவன்னு பாக்குறவங்களுக்கும் தெரியும்."

ஒட்டு தன் ஓரங்களை ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்த்தது. உடனே விட்டுவிட்டது.

"போறதுல எனக்கு ஒண்ணும் இல்லைண்ணே," என்றது. "ஆனா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மெலிசாக்கி ஒட்டியிருக்காங்களே. நான் உரிஞ்சு வந்தா அந்த எடத்துல நெசமாவே ஓட்டை விழுந்துரும்."